கையில் மிச்சம்

அப்புத்தளையில் மழை
கூரை முகட்டில் விழுந்து இரண்டாகப் பிரியும்.
தெற்கே வழிந்தது வளவை கங்கைக்கு,
வடக்கே வழிந்தது உமா ஓயாவுக்கு.
ஊரே ஒரு கத்தி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது,
பஸ் நிலையம், மரக்கறிக் கடை, தண்டவாளம் எல்லாம்.
ஏன் உருளவில்லை என்று யாரும் கேட்பதில்லை.
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஏழு வருடமாக ஒரே கணக்கு.
ஹிக்ஸ் துகளின் எடை நூற்றிருபத்தைந்து.
அது அவ்வளவு லேசாக இருக்க நியாயமே இல்லை.
டாப் குவார்க் ஒரு பக்கம் இழுக்கிறது,
வெற்றிடத்தின் ஒவ்வொரு குமிழியும் தன் பங்குக்கு இழுக்கிறது.
முப்பது இலக்கத்தைத் தாண்டி நீளும் ஓர் எண்ணிலிருந்து
அதே நீளத்தில் இன்னோர் எண்ணைக் கழித்தால்
கடைசியில் இந்தச் சில்லறை.

பனியில் தொய்ந்த தப்பு
தானாகச் சுதி ஏறாது.
மிலாறு எரித்த தீ வேண்டும், காய்ச்சும் கை வேண்டும்.
அப்படியொரு கை இல்லை என்று சொல்லத்தான்
மீச்சமச்சீர்மையை நம்பினோம்:
ஒவ்வொரு துகளுக்கும் எங்கோ ஒரு சோடி,
இது கூட்டியதை அது கழிக்கும்,
மிச்சம் இயல்பாகவே சிறுத்துப்போகும்.
அழகான ஏற்பாடு. சோடிதான் வரவில்லை.

ஆயிரம் வரை தேடினார்கள், இல்லை.
ஆயிரத்து முந்நூறு, இல்லை.
எல்லை ஏற ஏற
என் மாதிரியில் தற்செயலுக்கு வேலை கூடியது.
பத்தில் ஒன்று, பரவாயில்லை.
நூறில் ஒன்று, அடிக்குறிப்பில் ஒளித்துவைத்தேன்.
ஆயிரத்தில் ஒன்று.
எந்த எண்ணில் வெட்கப்படத் தொடங்க வேண்டும் என்று
எந்தச் சமன்பாட்டிலும் எழுதியில்லை.

நேற்று அந்தியில் சுகுணவதி மதினி
நனைந்த சம்பளச் சீட்டோடு வந்தாள்.
"படிச்சவதானே, கூட்டிப் பாரு."
வரவு, இரண்டு அரைப்பேரும் சேர்த்து,
இருபத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது.
சேமலாபம், சந்தா, முற்பணம், தீபாவளிக் கடன்,
அரிசி, மா, தேயிலைத்தூள், கோயில், கரண்டு:
பிடித்தம் இருபத்தெட்டாயிரத்து இருநூற்றிருபத்தைந்து.

கழித்தேன்.
சிரித்துவிட்டேன்.
"சிரிக்க என்னடி இருக்கு?"
இந்த எண்ணைப் பிடிக்கத்தான்
இருபத்தேழு கிலோமீட்டர் வளையத்தை
மண்ணுக்கடியில் இறக்கினார்கள் என்று
இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"தற்செயலா இருக்கும், மதினி."
"போன மாசம் தொண்ணூறு. அதுக்கு முந்தி இருநூத்திப் பத்து.
அடுத்த காம்பரா ரெஜினாவுக்கு நாப்பது.
பன்னெண்டு காம்பராவையும் போய்க் கேளு.
அத்தன பேருக்குமா தற்செயல்?"

அப்படியென்றால் யார் சுதி கூட்டுகிறார்கள், கேட்டேன்.
துரையா, கிளாக்கரா?
"ஒருத்தரும் இல்ல.
கொஞ்சம் மிஞ்சும்னு தெரிஞ்சா
அந்த அளவுக்கு நாங்களே முற்பணம் கேட்டுருவோம்.
பசிக்குக் கணக்கு வரும்."

இரவெல்லாம் அது குடைந்தது.
சோடியும் இல்லாமல், கையும் இல்லாமல்,
எண்ணைப் பிடித்துக் கீழே இழுக்கும் ஒரு பசி.
வெற்றிடத்துக்கு அப்படி ஒன்று உண்டா?
மூன்று வரி எழுதினேன். இரண்டை அடித்தேன்.
அவளுக்குப் பன்னிரண்டு காம்பரா.
எனக்கு இருப்பது ஓர் அண்டம், ஒரே ஒரு சீட்டு.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு
எது இயல்பு, எது விந்தை என்று யாரிடம் ஒப்பிடுவேன்?

விடியும்போது பேராசிரியரின் மின்னஞ்சல்:
எல்லையை இரண்டாயிரத்தில் வைத்து மறுபடி ஓட்டவும்.
ஓட்டவிட்டு வெளியே வந்தேன்.
மூடுபனியில் தெரு பாதிதான் இருந்தது.
மதினி பேக்கரி வாசலில் நின்றாள்.
பாண் நூற்றி முப்பது.

ஐந்து ரூபாய் நான் போட்டேன்.
அது எந்தச் சீட்டிலும் வராது.